விவாதி ராகமும் ஒரு வீட்டின் அச்சமும்

சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு வாசக அன்பர் இப்பகுதிக்கு எழுதிய கடிதம் என் மேசையில் பல நாள் கிடந்தது. எண்பது வயதைக் கடந்தவர். நடுங்கும் கையெழுத்து. "என் பேத்தி பாட்டு கற்கிறாள். வரும் கார்த்திகையன்று முருகன் சந்நிதியில் பாட ஆசிரியை ஒரு கீர்த்தனையைத் தேர்ந்து கொடுத்திருக்கிறார். கோடீஸ்வர ஐயர் இயற்றியதாம். ஆனால் அது விவாதி ராகம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். விவாதி ராகம் பாடினால் வீட்டுக்கு ஆகாது என்று என் தாயாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். குழந்தை பாடலாமா, கூடாதா?" என்று கேட்டிருந்தார்.

உடனே பதில் எழுதியிருக்கலாம். எழுத இயலவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

நம் சங்கீதத்தில் தாய் ராகங்கள் எழுபத்திரண்டு என்பது அன்பர்கள் அறிந்ததே. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி, தம் 'சதுர்தண்டி பிரகாசிகை'யில் இந்தக் கணக்கை வகுத்தார். அவர் வகுத்தது பெரும்பாலும் கணக்கே. அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை என்று அவரே விளக்கிக் காட்டிய மேளங்கள் 19 மட்டும். மற்றவை, வரும் தலைமுறைகளுக்கு என்று கட்டி வைத்த வெற்று அறைகள் போல் இருந்தன.

கணக்கு எளிது. ரிஷபமும் காந்தாரமும் ஆறு விதமாக ஜோடி சேரும். தைவதமும் நிஷாதமும் அவ்வாறே ஆறு விதம். ஆறும் ஆறும் பெருக்க முப்பத்தாறு. மத்தியமம் இரண்டு வகை, ஆகவே எழுபத்திரண்டு. அந்த ஆறு ஜோடிகளில் இரண்டு மட்டும் சற்றுச் சங்கடமானவை. சுத்த ரிஷபத்துக்கு அடுத்தாற்போல் ஒட்டி நிற்கும் சுத்த காந்தாரம் ஒன்று. அந்தர காந்தாரத்தை நெருங்கி நிற்கும் ஷட்ச்ருதி ரிஷபம் மற்றொன்று. இரு ஸ்வரங்களும் தோளோடு தோள் உரசி நிற்கும். பாடகர் சற்றே கவனம் தவறினால் ஒன்று மற்றொன்றின் இடத்துக்கு வழுக்கிவிடும், காதுக்கும் உறுத்தும். தைவத நிஷாதத்திலும் இதே கதை. இப்படி உரசல் உள்ள மேளங்களே விவாதி மேளங்கள். உரசல் இல்லாத ஜோடிகள் மேலே நான்கு, கீழே நான்கு, பெருக்கினால் பதினாறு. இரு மத்தியமங்களுக்கும் சேர்த்து முப்பத்திரண்டு. ஆகவே எழுபத்திரண்டில் நாற்பது விவாதி! முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கிப் பேரேட்டில் கூட்டல் சரிபார்த்தவன் என்பதால் அன்பர்கள் இந்தக் கணக்கில் என்னை நம்பலாம்.

பாதிக்கு மேற்பட்ட தாய் ராகங்கள் பாடத் தகாதவை என்றால், அந்தக் குடும்பத்தை என்னவென்று சொல்வது?

பாடக் கடினம் என்பது மெய். ஆனால் நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கடினமானதைக் கடினம் என்று சொல்லி நிறுத்த மாட்டார்கள்; தோஷம் என்று சொல்வார்கள். காலையில் ஆகிரி பாடினால் அன்று சோறு கிடைக்காது என்பார்கள். ஆகிரி விவாதிகூட அல்ல. தியாகப்பிரம்மம் முப்பத்து நான்காவது மேளமான வாகதீச்வரியில் பரமாத்மாவைப் பற்றிப் பாடியிருக்கிறார். அது விவாதி மேளம். ஆக மும்மூர்த்திகள் காலத்திலேயே இவை தீண்டப்படாதவையாக இருக்கவில்லை. ஆனாலும் அச்சம் என்னவோ வீடுகளில் நின்றுவிட்டது.

அந்த அச்சத்தைப் பொருட்படுத்தாமல், எழுபத்திரண்டு மேளங்களிலும் தனித்தனியே ஒவ்வொரு கிருதி, அதுவும் தமிழில், பெரும்பாலும் முருகப் பெருமான்மீது இயற்றியவர் கோடீஸ்வர ஐயர். 1870-இல் பிறந்தவர். சிவகங்கை, ராமநாதபுரம் சமஸ்தானங்களில் போற்றப்பட்ட கவிகுஞ்சர பாரதியாரின் பேரன். அழகர் குறவஞ்சியும் கந்தபுராணக் கீர்த்தனையும் தந்த அந்தப் பாட்டனாரிடம் அவருக்கு இருந்த பக்தி, அவருடைய முத்திரையிலேயே தெரியும்: 'கவிகுஞ்சரதாசன்'. பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடமும் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரிடமும் சங்கீதம் பயின்றவர். ஆயினும் அவர் கச்சேரி வித்துவானாக வாழவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் அலுவல். பகலில் கோப்பு, மற்ற நேரத்தில் கந்தன்.

இந்த ஒரு செய்தியில் என் மனம் எப்போதும் சற்று நின்றுவிடும். அலுவலகத்தில் காலம் கழித்தவர்களுக்குத் தெரியும், மாலையில் வீடு திரும்பும்போது உடம்பில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று. அந்த மிச்சத்தைக் கொண்டு ஒருவர் எழுபத்திரண்டு அறைகளிலும் விளக்கு ஏற்றியிருக்கிறார். எந்த அரசரும் கேட்கவில்லை. எந்தச் சபையும் பணம் தரவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் அந்தந்த ராகத்தின் பெயரையும் பொருத்தமாகக் கோத்திருக்கிறார். 'கந்த கானாமுதம்' என்ற பெயரில் முதற்பகுதி, சுத்த மத்தியம மேளங்கள் முப்பத்தாறும் அடங்கியது, 1932-இல் வெளிவந்தது. பிரதி மத்தியமப் பகுதி 1938-இல். இரண்டாண்டுகள் கழித்து, 1940-இல், அவர் காலமானார்.

அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். முதல் உலகப் போர் முடிந்தது 1918-இல். இரண்டாவது தொடங்கியது 1939-இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில்தான் நம் சங்கீதம் வீடு மாறியது. அதற்கு முன் அது கோயிலிலும், அரண்மனையிலும், மிராசுதார் வீட்டுக் கல்யாணத்திலும் இருந்தது. ஜமீன்களின் கை இறுகத் தொடங்கியதும் வித்துவான்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தார்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது உடன் நடந்த சங்கீத மாநாட்டின் பயனாக, 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1938-இல் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. விடிய விடியக் கேட்ட சங்கீதம், டிக்கெட் வாங்கி மூன்று மணி நேரம் கேட்கும் சங்கீதமாயிற்று.

அந்த மூன்று மணி நேரத்துக்கு ஓர் ஒழுங்கு தேவைப்பட்டது. அதைத் தந்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவரும் பூச்சி ஐயங்காரின் சீடரே. வர்ணத்தில் தொடங்கி, சில கிருதிகள் பாடி, ஓரிரண்டை விரித்து, ராகம் தானம் பல்லவிக்குப் பின் துக்கடாக்களோடு மங்களம் பாடும் அந்த முறையே இன்றும் மேடைகளில் வழங்குகிறது. கேட்பவர் அலுக்காதபடி அவர் செய்த உபகாரம் பெரிது. ஆனால் பலர் கையில் அந்த ஒழுங்கில் ஒரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. நடுவில் தெலுங்கும் சமஸ்கிருதமும். தமிழ்ப் பாட்டுக்குக் கடைசிப் பந்தி. எழுபத்திரண்டு தமிழ்க் கிருதிகள், அவற்றில் நாற்பது விவாதி. அந்தப் பந்தியில் கோடீஸ்வர ஐயருக்கு இலை எங்கே போடுவது?

அதே காலத்தில் வேறு இருவரையும் இங்கே நினைக்க வேண்டும். அரசரின் ஆதரவு முற்றிலும் வற்றிவிடவில்லை என்பதற்குச் சான்று ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். மைசூரில் நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் சாமுண்டீச்வரி அம்மன்மீது அஷ்டோத்தரமாக 108 கிருதிகள் செய்தார். ஹரிகதை மேடையில் ஊரையே கட்டிப்போட்டவர். புதிய ராகங்கள் காண்பதில் குழந்தையைப் போன்ற ஆசை அவருக்கு. 'நிரோஷ்டா' என்று ஒரு ராகம். உதடு இல்லாதது என்று பொருள். மத்தியமமும் பஞ்சமமும் அதில் கிடையாது. ஏனெனில் 'ம', 'ப' என்று சொல்ல உதடுகள் ஒட்ட வேண்டுமே! அம்பாளைப் பாடும் சாகித்தியத்திலும் அந்த எழுத்துகள் வராமல் பார்த்துக்கொண்டார். பேரக் குழந்தைகளை அருகே உட்கார்த்தி, உதடு ஒட்டாமல் அம்பாளைப் பத்து வார்த்தை துதிக்கச் சொல்லிப் பாருங்கள். 'அம்மா' என்று கூப்பிடவே முடியாது!

மற்றவர் பாபநாசம் சிவன். 1890-இல் போலகத்தில் பிறந்த ராமையா. சிறு வயதில் தந்தையை இழந்து, தாயாருடன் திருவனந்தபுரம் சென்று, அங்கே சமஸ்கிருதம் பயின்றவர். தாயாரும் மறைந்தபின் கோயில் கோயிலாகத் திரிந்தார். திருநீறு துலங்க பஜனையில் உருகிப் பாடியவரைக் கண்டவர்கள் சிவன் என்றே அழைத்தார்கள். அந்தச் சிவன் தம் பாட்டுகளில் வைத்த முத்திரையோ 'ராமதாசன்'. சைவ வைணவப் பூசலுக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் பதில் சொன்னதில்லை.

சிவனுடைய வழி கோடீஸ்வர ஐயரின் வழிக்கு நேர் எதிர்த் திசை. இவர் அரிய ராகங்களின் கதவைத் தட்டினார். அவர் காம்போதி, மோகனம், மத்தியமாவதி என்று எல்லோரும் அறிந்த வீட்டுக்குள் நுழைந்தார். மயிலைக் கபாலீச்வரர் கோயிலின் நான்கு மாட வீதிகளிலும் மார்கழி விடியலில் பஜனை கோஷ்டியோடு பாடிச் சென்றார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. வித்துவான் மேடையில் பாடுவதும், குளித்து ஈரத்தலையோடு வாசலில் கோலமிடும் பெண்மணி கேட்டவுடன் முணுமுணுப்பதும் ஒரே பாட்டாக இருந்தது. 1934-இல் அவருடைய கீர்த்தனைகள் நூறு, 'கீர்த்தன மாலை' என்று நூலாயின. அதே ஆண்டில் சினிமாவுக்கும் பாட்டெழுத வந்தார். அதற்காக அவரைக் குறை கூறியவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. சபை வாசலில் டிக்கெட் வாங்க வசதியில்லாதவர் காதிலும் சாமி பாட்டு விழுந்ததே.

அந்த முதல் படம் 'சீதா கல்யாணம்'. அதில் ராமனாக நடித்த பதினைந்து வயதுப் பிள்ளை எஸ். ராஜம். மயிலாப்பூர்க்காரர், சிவனிடமே பாட்டுக் கற்றவர். நம் பூஜையறைகளில் மாட்டியிருக்கும் சங்கீத மும்மூர்த்திகள் படம் பல வீடுகளில் அவர் தீட்டிய ஓவியத்தின் பிரதிதான். அது தெரியாமலே கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பின்னாளில் வானொலியில் பணியாற்றிய அந்த ராஜம்தான், மேடைகள் ஒதுக்கிய கோடீஸ்வர ஐயரின் எழுபத்திரண்டு கிருதிகளையும் எடுத்துப் பாடி, பதிவு செய்து, கேட்டவர்க்கெல்லாம் கற்பித்தவர். விவாதி ராகங்களை விரும்பிப் பாடினார். 2010-இல் மறைந்தபோது அவருக்கு வயது தொண்ணூறு.

தோஷம் பற்றிக் கேட்ட கும்பகோணத்து அன்பருக்கு இந்த ஒரு வரியே போதும் என்று எண்ணித்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது நேர்மையான பதில் ஆகாது. என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் நான் பதில் சொல்லக் கூடாது.

என் தமக்கை என்னைவிட ஆறு வயது மூத்தவள். நல்ல சாரீரம். எனக்குப் பதினோரு வயதிருக்கும். அந்த நவராத்திரியில் எங்கள் வீட்டுக் கொலுவில் அவள் ஒரு பாட்டுப் பாடினாள். அவளுடைய ஆசிரியர் புதிதாகச் சொல்லிக் கொடுத்தது. எழுபத்திரண்டாவது மேளமான ரசிகப்ரியாவில் முருகனிடம் அருள் வேண்டும் கோடீஸ்வர ஐயரின் கிருதி. என்ன ராகம் என்று எனக்கு அப்போது தெரியாது. கூடத்தில் இருந்தவர்கள் சுண்டலை மென்று கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டது நினைவிருக்கிறது. வந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் பாட்டியிடம், "வீட்டில் இதையெல்லாம் பாடவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து என் தந்தை மாரடைப்பில் காலமானார்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மாலையில், பாட்டி ஒரு வார்த்தை சொன்னாள். துக்கத்தில் சொன்னது, பாட்டியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் இல்லை. மகனைப் பறிகொடுத்தவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அக்கா பதில் பேசவில்லை. சுருதிப் பெட்டியைப் பழம்புடவையில் சுற்றிப் பரணில் வைத்தாள். அதன்பின் அவள் பாடி நான் கேட்கவில்லை. தன் குழந்தைகளுக்குத் தாலாட்டுகூட வாய்க்குள்ளேதான்.

பல ஆண்டுகள் கழித்து, நான் வங்கியில் சேர்ந்த பிறகு, வீட்டுப் பழைய கணக்குகளைச் சீர் செய்தேன். தந்தையின் வரவு செலவு நோட்டில் இரண்டு பக்கங்களுக்கு நடுவே மடித்து வைத்த மருத்துவச் சீட்டு ஒன்று கிடைத்தது. நெஞ்சு வலிக்கு மருந்து. தேதி, அந்த நவராத்திரிக்கு இரண்டு மாதம் முந்தியது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறார். என் தொழிலில் தேதிதான் சாட்சி. சீட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் படித்தாள். இரண்டு முறை படித்தாள். "அப்பாவின் நோட்டிலேயே வைத்துவிடு" என்று திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவே. காகிதத்தால் கரையக்கூடிய பாரமாக அது அப்போது இல்லை.

ஆகவே அன்பரே, உங்கள் தாயார் சொன்னதை நான் எளிதாகத் தள்ளவில்லை. அந்தச் சொல் ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று கண்டவன். அதனால்தான் சொல்கிறேன்: குழந்தை பாடட்டும். ஸ்வர ஸ்தானம் பிசகாமல் நன்றாகச் சாதகம் செய்துவிட்டுப் பாடட்டும். விவாதி ராகத்தில் அஞ்ச வேண்டியது அந்த ஒன்றுக்குத்தான். பாடி முடித்த மறுவாரம் வீட்டில் யாருக்கேனும் தலைவலி வந்தால் மருத்துவரிடம் போங்கள். குழந்தையின் காதில் விழும்படி மட்டும் எதையும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கச் சென்றேன். எழுபத்து மூன்று வயதாகிறது. மூட்டு வலியால் நாற்காலியிலேயே பொழுது கழிகிறது. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கைபேசியில் ராஜம் பாடிய ரசிகப்ரியாவை ஒலிக்கவிட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிறுத்திவிடலாம் என்று கையை நீட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், மடியில் அவளுடைய வலக்கை ஓசையின்றித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

"அந்தப் பெண் அனுபல்லவியில் ரிஷபத்தைச் சற்றுத் தூக்கியே பிடிக்க வேண்டும். எனக்கு அந்த இடம் வர ஒரு மாதம் ஆயிற்று. அவர்களுக்கு எழுதும்போது மறக்காமல் எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன்.